உபுண்டுவில் ஆஸ்ட்ரோபை நிறுவ முடியவில்லை, என்ன செய்வது?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வானியல் கணக்குகளுக்கான பைத்தான் நூலகமான ஆஸ்ட்ரோபையை நிறுவ, உபுண்டு 24.04-இல் 'பிப் இன்ஸ்டால் ஆஸ்ட்ரோபை' கொடுத்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று நின்றுவிடுகிறது.

அது கோளாறு இல்லை. உபுண்டுவோடு வரும் பைத்தானை நம்பித்தான் உபுண்டுவின் சொந்த நிரல்கள் பல ஓடுகின்றன. அதனால் பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் அதில் கைவைக்கத் தடை. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' சேர்த்து மீறச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம்.

உபுண்டுவின் சொந்த நிறுவல் கருவியான ஏப்ட் வழியாக 'பைத்தான்3-வென்வ்' நிறுவுங்கள். 'பைத்தான்3 -எம் வென்வ் வானம்' என்று தனிச்சூழல் உருவாக்கி, 'சோர்ஸ் வானம்/பின்/ஆக்டிவேட்' கொடுங்கள். டெர்மினல் வரியின் தொடக்கத்தில் (வானம்) என்று தெரிய வேண்டும். இப்போது அதே பிப் கட்டளை ஓடும். ஆஸ்ட்ரோபைக்குத் தேவையான எண்கணக்கு நூலகமான நம்பையும் கூடவே வந்துவிடும். புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஆக்டிவேட் செய்யுங்கள். மறந்தால் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' வரும். உங்கள் கோப்புக்கு ஆஸ்ட்ரோபை.பிஒய் என்று பெயர் வைத்தாலும் இம்போர்ட் கெட்டுவிடும்.

நிறுவியபின் பலர் சறுக்குவது நேரத்தில். ஆஸ்ட்ரோபை எதிர்பார்ப்பது யூடிசி, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொதுநேரம். காரைக்குடிக்கு அட்சரேகை 10.07, தீர்க்கரேகை கிழக்கு 78.78, இரவு 8 மணி என்றால் 14:30 கொடுங்கள். 20:00 கொடுத்தால் வானம் ஏறத்தாழ 83 பாகை சுழன்றுவிடும்: வளவு முற்றத்தில் நேர் உச்சியில் தெரியும் விண்மீனை மேற்கு அடிவானத்துக்கு அருகில் காட்டும்.