மலாவி கிராமத்தில் போர்வெல் போட்டுக் கொடுக்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, மலாவித் தலைநகர் லிலோங்வேக்குக் கணக்கு வேலையாக வருகிறீர்கள். கம்பெனியும் தமிழ் நண்பர்களும் சேர்த்துத் தரும் பணத்தில் ஒரு கிராமத்துக்குக் குடிநீருக்காகப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டுக் கொடுக்கும் பொறுப்பும் உங்களிடம் வந்திருக்கிறது. எவ்வளவு ஆகும், துளை போடும் ரிக் வண்டிக்காரரில் யாரைப் பிடிக்கலாம், கூடவே வீடு, சாமான், மலேரியா எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு கிடைக்கும். பருப்பும் கடுகும் ஓல்ட் டவுன் கடைகளில் கிடைக்கும். கொசுவலைக்குள் படுங்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். இதெல்லாம் வந்த ஒரு மாதத்தில் பழகிவிடும். போர் விஷயம் அப்படியில்லை, அதில் நீங்கள் எடுக்கும் முடிவை ஒரு ஊரே பல வருஷம் சுமக்கும். அதனால் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கு வருவது புதுசில்லை, வண்டிக்குப் பின்னாலேயே நாங்களும் வந்தோம். எனவே முதல் எச்சரிக்கை என் தொழில்காரர்களைப் பற்றியே. ஆயிரம் அடி போட்ட கை என்று பேசுவார்கள். நம் ஊரில் பாறையில் வெடிப்பு கிடைக்கும்வரை இறக்குவோம், மேல் மண்ணுக்கு மட்டும் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய் போட்டுக் கீழே வெறும் துளையாக விட்டுவிடுவோம். மலாவியில் பல இடங்களில் தண்ணீர் இருப்பது பாறைக்கு மேலே மக்கிக் கிடக்கும் அடுக்கில், அது சரியக்கூடிய மண். அங்கே அடியிலிருந்து மேல்வரை 110 மில்லிமீட்டர் பிவிசி கேசிங், நீர் வரும் ஆழத்தில் கீறல் விட்ட கேசிங், சுற்றிலும் சலித்த சரளை, மேலே அழுக்குத் தண்ணீர் இறங்காமல் அடைப்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். சரளையில் காசு மிச்சம் பிடித்தால் மணல் உள்ளே வரும், மணல் வந்தால் பம்பின் சீல் தேய்ந்து போகும். புகை நின்று தண்ணீர் பீய்ச்சினால் போதுமென்று கைதட்டிவிட்டு வண்டியேறுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

இன்னொன்று, தண்ணீர் வந்தால்தான் காசு என்று ஒப்பந்தம் போடாதீர்கள். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் அப்படிப் போட்டால் ரிக்காரர் ஊருக்குத் தேவையான இடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் சுலபமாகக் கிடைக்கும் பள்ளத்தில் வண்டியை நிறுத்துவார், கொஞ்சம் ஈரம் தெரிந்ததும் முடிந்தது என்பார். பள்ளமென்றால் மழையில் வெள்ளம் ஏறும் இடம். நிலத்தடி ஆய்வை ரிக்காரர் அல்லாத ஒருவரிடம் செய்யுங்கள். எந்த மாதத்தில் போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இங்கே மழை நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல்வரை. மே மாதம் போட்ட போரில் தண்ணீர் துள்ளும், அதே போரில் அக்டோபரில் காற்றுதான் வரும். நீர்மட்டம் அடியில் இருக்கும் செப்டம்பர், அக்டோபரில் போட்டு, விட்டுவிட்டு இல்லாமல் பல மணி நேரம் தொடர்ந்து இறைத்துப் பார்த்த கணக்கு கையில் வந்த பிறகுதான் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.

பம்பு எது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், ஆஃப்ரிடெவ் அடிபம்புதான். எண்பதுகளில் மலாவியிலும் கென்யாவிலும் வைத்து உருவாக்கிய பம்பு அது, சுமார் 45 மீட்டர்வரை இழுக்கும். நம் இந்தியா மார்க் 2 அடிபம்பு எனக்கும் பெருமைதான், எழுபதுகளில் கோவை மாவட்டக் கிணறுகளில் சோதித்துத் தேற்றியது. ஆனாலும் அதில் இரும்புக் குழாயை மேலே தூக்க முக்காலியும் நாலைந்து ஆட்களும் வேண்டும், தண்ணீரில் அமிலத்தன்மை இருந்தால் குழாய் அரித்துச் செந்தண்ணீர் வரும், அதில் துணி துவைத்தால் கறை, இங்கத்து மக்காச்சோள மாவுக் களியான ன்சிமா கிண்டினால் நிறம் மாறும், பெண்கள் பழையபடி டாம்போ என்கிற ஈரப் பள்ளத்து ஊற்றுக்கே போய்விடுவார்கள். ஆஃப்ரிடெவில் பிவிசி குழாய், ராடை ஒரு ஸ்பேனர் வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்களே எடுத்துவிடுவார்கள். இந்த நாட்டின் கணக்கு ஒரு பம்புக்கு 250 பேர். ஆயிரம் பேருக்கு ஒன்று போட்டுவிட்டு அடிக்கடி ரிப்பேர் ஆகிறதே என்று கேட்பதில் நியாயமில்லை.

நான் பெரிதாக நினைப்பது இனிமேல் சொல்வதைத்தான். துளை போடுவது இரண்டு மூன்று நாள் வேலை. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் யூ-சீல், பாபின், பேரிங் புஷ் என்று பம்பில் தேயும் உதிரிகளை மாற்ற வேண்டும், அதைப் பற்றி நன்கொடை தருகிறவர்கள் யாரும் கேட்பதே இல்லை. ஆப்பிரிக்காவில் அடிபம்புகளில் மூன்றில் ஒன்று வேலை செய்யாமல் நிற்கிறது என்று 2009 வாக்கில் ஒரு கணக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு, "இவர்களுக்குப் பராமரிக்கத் தெரியாது" என்று நம் ஆட்கள் விருந்தில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சீல் விற்கும் கடை மாவட்டத் தலைநகரில் இருக்கும், ஊர் அங்கிருந்து சைக்கிளில் அரை நாள். பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க் கமிட்டி குடும்பத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்துச் சேர்த்த பணத்தின் மதிப்பை 2023 நவம்பரில் மத்திய வங்கி ஒரே நாளில் இறக்கியது, டாலர் விலை 44 சதவீதம் ஏறிப்போனது. இதில் அந்த ஊர்ப் பெண்கள் செய்த தப்பு என்ன?

அதனால் பணத்தை ரொக்கமாக வைக்கச் சொல்லாதீர்கள். நன்றாக நடக்கும் கமிட்டிகள் அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் மே, ஜூனில் மொத்தமாக வசூலித்து அப்போதே சீல்களை வாங்கி வைத்துவிடும், மிச்சத்தைத் திண்ணையில் நடக்கும் சேமிப்புக் குழுவில் வட்டிக்கு விடும். ஜனவரி பசி மாதத்தில் போய்க் கேட்டால் யாரிடமும் இருக்காது. அந்தப் பகுதி மெக்கானிக் யாரென்று கேட்டு அவர் கையாலேயே பம்பை மாட்டவிடுங்கள், பின்னாளில் கழற்றப்போகிறவர் அவர்தான். ராடு திருட்டும் உண்டு, அதைக் காப்பது ஊர் மனசு வைத்தால்தான் முடியும். தலைவரைப் பார்த்துப் பேசாமல், மாவட்ட நீர் அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் ஒரு குழிகூடத் தோண்டக்கூடாது.

பொங்கலுக்குள் திறப்பு விழா வேண்டும், கல்வெட்டில் எல்லார் பெயரும் வரவேண்டும் என்று உங்கள் நண்பர்கள் நெருக்குவார்கள். இந்தப் பெயர் ஆசையில் நம்மவர்கள் மட்டுமில்லை, வெள்ளைக்காரர்களும் சேர்த்திதான். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று பிளேபம்ப் ஒன்று வந்தது, 2006-ல் அமெரிக்காவில் அதற்குக் கோடிகளில் பணம் அறிவித்தார்கள், ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர். மலாவியிலும் வைத்தார்கள். கடைசியில் பெண்கள் குனிந்து நின்று அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளித் தண்ணீர் பிடித்தார்கள். அந்த விலைக்கு எத்தனை அடிபம்பு வரும் என்று கணக்குப் படித்தவர் நீங்களே போட்டுப் பாருங்கள்.

நான் வந்த புதிதில் என்னை அழைத்து வந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளத்தை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினார். எங்களைக் காட்டில் கூடாரத்தில் விட்டுவிட்டு டவுனில் இருந்தார். அரிசி தீர்ந்த வாரங்களில் எங்கள் ரிக்கில் உதவிக்கு இருந்த மலாவிப் பையன்கள் வீட்டிலிருந்துதான் ன்சிமாவும் கீரையும் வந்தது. இந்த நாட்டுப் பேச்சான சிச்சேவா அவர்கள் வாயிலிருந்து கற்றதுதான், இன்றைக்கு எந்த ஊர்த் தலைவர் முன்னாலும் உட்கார்ந்து கணக்கு வழக்கு பேசுவேன். இங்கே பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்த நம்மவர்கள்கூட மதில் சுவருக்குள் இருந்துகொண்டு வேலைக்காரரிடம் நாலு வார்த்தை மட்டும் பேசுகிறார்கள், நீங்கள் அப்படி இருக்காதீர்கள் தம்பி. அந்தப் பையன்களில் ஒருவர் இப்போது ஒரு பகுதிக்கே பம்பு மெக்கானிக். 2022-லும் 2023-லும் காலரா வந்து நாட்டில் 1,700 பேருக்கு மேல் செத்தார்கள், இந்த நாடு கண்டதிலேயே பெரிய காலரா அதுதான். அந்த மாதங்களில் அவர் சீல் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்றுபோன பம்புகளைத் தேடித் தேடி ஓடவைத்தார், பாதி இடத்தில் கூலியே வாங்கவில்லை. புதுப் போருக்குப் பணம் தருகிறவர்கள் அவருக்கு ஒரு பெட்டி சீல் வாங்கித் தந்திருந்தால்கூட இன்னும் எத்தனையோ பம்புகளை ஓடவைத்திருப்பார். உங்கள் பணத்தில் ஒரு பங்கை நின்றுபோன பழைய பம்புகளைச் சரிசெய்ய ஒதுக்க முடியுமா என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், கல்வெட்டு வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஊர் எதுவென்று முடிவானதும் எழுதுங்கள். தெற்கே சிக்வாவா, ன்சாஞ்சே மாவட்டங்கள் பக்கமென்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே எழுதுங்கள். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு, பக்கத்துப் போர்களின் தண்ணீரைச் சோதிக்காமல் அங்கே வண்டியை ஏற்றக்கூடாது.