ரசத்தை வடிகட்ட வேண்டாம்

கேள்வி: எனக்கு 58 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று மாதம் முன்பு இடது பக்க அடிவயிற்றில் வலி வந்தது. வாயு என்று நினைத்து இரண்டு நாள் ஓமத் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து ‘டைவர்டிகுலைடிஸ்’ என்று சொல்லி ஐந்து நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, ‘விதை உள்ள எதையும் சாப்பிடாதீர்கள், குடலில் இருக்கும் பைக்குள் போய் மாட்டிக்கொள்ளும்’ என்றார்கள். அன்றிலிருந்து தக்காளி, கத்தரி, வெண்டை, கொய்யா, எள், கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ரசத்தைக்கூட டீ வடிகட்டியில் வடித்து, கடுகு மிளகு இல்லாமல்தான் ஊற்றிக்கொள்கிறேன். இட்லி, தயிர் சாதம், ரொட்டி, அவ்வளவுதான் சாப்பாடு. நாலு கிலோ இளைத்துவிட்டேன். மலச்சிக்கல் வேறு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்கால் வலித்தால் மெடிக்கலில் சொல்லி ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் உண்டு. குடலுக்குள் டியூப் விட்டுப் பார்க்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், பயத்தில் தள்ளிப்போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் மருமகளுக்கு வளைகாப்பு. பந்தியில் எதைத் தொடலாம்? ஆயுசுக்கும் இப்படித்தானா?

பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: அம்மா, முதலில் அந்த வடிகட்டியை டீக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரசத்தில் மிதக்கிற கடுகு உங்கள் குடலை ஒன்றும் செய்யாது.

இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. விதை பயம் மருத்துவர்களிடமிருந்தே வந்தது. குடலில் சின்னப் பை இருக்கிறது, விதையும் சின்னது, போய்ச் சிக்கிக்கொள்ளும் என்று பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கச் சொல்லிவந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் உட்கார்ந்து சரிபார்த்திருக்கவில்லை. 2008-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 வருஷம் தொடர்ந்து கவனித்து எழுதியது. வாரம் இரண்டு தடவையாவது கொட்டைப் பருப்புகள் தின்றவர்களுக்கு, அதை அபூர்வமாகத் தொட்டவர்களைவிட இந்த நோய் 20 சதவீதம் குறைவாக வந்திருந்தது. பாப்கார்ன் தின்றவர்களுக்கு 28 சதவீதம் குறைவு. ‘ஆண்களை வைத்துத்தானே பார்த்தார்கள்?’ என்று கேட்பீர்கள், ஆசிரியை அல்லவா. 2025-ல் அங்கேயே பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவும் வந்துவிட்டது. கடலை, கொட்டைகள், விதையோடு தின்கிற பழங்கள் எதுவும் ஆபத்தைக் கூட்டவில்லை.

குடலில் நடப்பது என்ன என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். பெருங்குடலின் தசைச் சுவரை ரத்தக் குழாய்கள் துளைத்துக்கொண்டு போகிற இடங்கள் கொஞ்சம் பலவீனமானவை. சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் டியூப் பிதுங்குமே, அதுபோல அந்த இடங்களில் உள்ஜவ்வு வெளியே பிதுங்கிச் சின்னச் சின்னப் பைகளாக நிற்கும். வயதாக ஆக நிறையப் பேருக்கு வரும். அதற்குப் பெயர் டைவர்டிகுலோசிஸ். அது வலிக்காது. வேறு எதற்காவது ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்குத் தெரியவே வரும். இப்படிப் பை இருக்கிறவர்களில் 100-க்கு ஐந்து பேருக்குக்கூட அது வீங்கிப் புண்ணாவதில்லை. புண்ணானால்தான் ‘டிஸ்’ என்று முடிகிற உங்கள் நோய்.

உங்கள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்குக் கால் கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு மூன்று கிராம் நார்கூடக் கிடையாது. ஆக ஏழு கிராம். இட்லிக்குப் போடுகிற உளுந்தையும் ரொட்டியையும் தாராளமாகச் சேர்த்தாலும் பத்தைத் தாண்டுவது கஷ்டம். உங்களுக்கு வேண்டியது 25-லிருந்து 30 கிராம். மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்துக்கு இந்தச் சாப்பாடு ரொம்பச் சரி. அப்புறம் யாரும் உங்களிடம் ‘போதும், மாற்றுங்கள்’ என்று சொல்லவில்லை. 25 வருஷமாக உணவு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த நோயில் நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு இதுதான். காய்ச்சல்காரர் சாப்பாட்டைக் காய்ச்சல் போன பிறகும் தின்றுகொண்டிருப்பார்கள்.

அதற்காக நாளைக்கே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோடு உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று மாதம் நாரே பார்க்காத குடல் உப்பிக்கொள்ளும், நீங்களும் ‘விதைதான் வேலையைக் காட்டிவிட்டது’ என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். முதலில் மதியச் சாப்பாட்டில் ஒரு கரண்டி காய் இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள்: சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, கேரட், நன்றாக வெந்ததாக. அடுத்த வாரம் இரண்டு காலைகள் இட்லிக்குப் பதில் கேழ்வரகு தோசை. கேழ்வரகிலும் கம்பிலும் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார், அரிசியைப் போல நாலு மடங்கு. கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும், அதனால் உங்களுக்குத் தோசை அல்லது அடை. அடுத்து முழுப் பச்சைப்பயறு, முதலில் ஒரு பிடி. அதற்கப்புறம் அவரை, முருங்கைக்காய், கீரை, வாழைத்தண்டு என்று போகலாம். கொய்யா பாதிப் பழம் தின்னலாம், விதையோடுதான். கொட்டையை எடுத்துவிட்டுக் கொய்யா தின்கிற சிரமத்தை என் எதிரிக்கும் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் இன்னும் இறுகும். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை என்றால் ஒரு நாளைக்கு எட்டு டம்ளராவது குடியுங்கள். காயில் போதாவிட்டால் ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோல், பெரிய டம்ளர் தண்ணீரில். காரம் ஆகுமா என்று பலர் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: உங்களுக்கு ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். அசைவம் உண்டா என்று எழுதவில்லை. உண்டென்றால் ஆட்டுக்கறியைக் குறைத்துக்கொண்டு மீன், கோழி பக்கம் போங்கள். சிவப்பு இறைச்சி அதிகம் தின்றவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வந்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. தினமும் அரை மணி நடங்கள். முழங்கால் அனுமதிக்கிற வேகம் போதும்.

முழங்கால் என்றதும்தான், உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி ஞாபகம் வருகிறது. நீங்கள் கடுகுக்குப் பயப்படுகிறீர்கள், எனக்கு அந்த மெடிக்கல் மாத்திரையை நினைத்துத்தான் பயம். முழங்கால் வலி என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையாக இருக்கும். இந்த வகை மாத்திரைகள் டைவர்டிகுலைடிஸ் வரும் ஆபத்தைக் கூட்டுகின்றன, குடல் ஓட்டையாவதற்கும் பையிலிருந்து ரத்தம் கசிவதற்கும் வழிவிடுகின்றன. அட்டையாகத் தராமல் நாலைந்து நிறத்தில் பொட்டலம் கட்டி ‘செட்’ என்று தருவது இன்னும் மோசம். அதில் ஸ்டீராய்டு இருப்பதும் உண்டு. ஸ்டீராய்டு குடல் கிழியும் ஆபத்தையும் கூட்டும், கிழிந்தால் வர வேண்டிய காய்ச்சலையும் வலியையும் மூடி மறைத்துவிடும். இன்றோடு நிறுத்துங்கள். வலி தாங்காவிட்டால் என்ன போடலாம், பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு.

மறுபடி வருமா என்றால், வரலாம். சிக்கலில்லாத முதல் தாக்குதல் முடிந்தவர்களில் பத்து வருஷத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. சாப்பாடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சிலருக்கு வரும். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, எனவே அப்படி வந்தால் ‘என்ன தின்றேன்’ என்று உங்களையே குடைந்துகொள்ள வேண்டாம். போன தடவை வலித்த அதே இடத்தில் மந்தமான வலி ஆரம்பித்தால், அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள். ஓமத் தண்ணீரில் இரண்டு நாள் போனது போதும். பேதிக்கு எண்ணெய் குடிப்பது, இசப்கோல் இரண்டும் அந்தச் சமயத்தில் கூடாது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னால், ஓரிரு நாள் குடலுக்கு ஓய்வு: உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், இளநீர், வடித்த பருப்புத் தண்ணீர், தெளிந்த ரசம். (வடிகட்டிக்கு அப்போது வேலை உண்டு.) வலி இறங்கியதும் குழைந்த சாதமும் மோரும், இட்லி, இடியாப்பம், தோல் சீவி வேகவைத்த காய். அப்புறம் மெல்ல மெல்லப் பழையபடி. நீங்கள் சர்க்கரைக்காரர் என்பதால் இன்னொன்றும் கவனியுங்கள். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவு எடுத்துக்கொண்டு வெறும் கஞ்சித் தண்ணீர் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அந்த நாட்களுக்கான அளவை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன தடவைச் சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் வேண்டாம். லேசான தாக்குதல் ஆன்டிபயாடிக் இல்லாமலேயே ஆறிவிடுகிறது என்று ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எது லேசு, எது லேசில்லை என்று பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அது டாக்டர் வேலை. குளிரோடு காய்ச்சல், நிற்காத வாந்தி, கல் மாதிரி இறுகிய வயிறு, மலத்தில் ரத்தம், சிறுநீரோடு காற்று போவது, இதில் ஒன்று வந்தாலும் போன்கூட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

சரி, அந்த டியூப் டெஸ்ட். கொலோனோஸ்கோப்பி. வீக்கம் தணிந்து ஆறிலிருந்து எட்டு வாரம் ஆன பிறகு செய்வது வழக்கம். உங்களுக்குப் பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டது. குடல் புற்றுநோய் சில சமயம் ஸ்கேனில் இதே மாதிரி வீக்கமாகத் தெரியும், அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் இந்த டெஸ்ட். நாலு கிலோ இளைத்தது சாப்பாட்டுக் குறைவால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் இளைப்பும் மலச்சிக்கலும் சேர்ந்து இருக்கும்போது எனக்குத் தோன்றுவதை நம்பி உட்காரக் கூடாது. மயக்க மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். நிஜமான சிரமம் முந்தின நாள் குடலைக் கழுவ லிட்டர் கணக்கில் மருந்து குடிப்பது. அதைக் குளிர வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்ட்ரா போட்டுக் குடியுங்கள்.

டெஸ்டுக்கு முந்தின சில நாள் மட்டும் விதை, தோல், நார் எதுவும் வேண்டாம் என்பார்கள். விதை இருந்தால் கேமராவை மறைக்கும், குழாயையும் அடைக்கும். விதைத் தடைக்கு உண்மையான இடம் அந்தச் சில நாள்தான். ஆகவே டெஸ்டை இந்த வாரமே முடித்துவிட்டு அப்புறம் கேழ்வரகு தோசைக் கணக்கைத் தொடங்குங்கள். இப்போதைய சாப்பாடு டெஸ்டுக்கு அப்படியே பொருந்தும். வேறு எதற்கும் பொருந்தாது.

அப்படிச் செய்தால் வளைகாப்பு வரும்போது குடல் பழகியிருக்கும். வளைகாப்புப் பந்தியில் கலவை சாதம்தானே ராஜா? எலுமிச்சை, புளி, தேங்காய், தக்காளி, தயிர், கூடவே சர்க்கரைப் பொங்கல். புளியோதரையில் கடலையும் எள்ளுப்பொடியும் இருக்கும், தாராளமாக மென்று தின்னுங்கள். ஐந்து வகையிலும் ஒவ்வொரு கரண்டி போட்டுக்கொண்டால் இலை முழுக்க வெள்ளை அரிசிதான், வயிற்றுக்கும் சர்க்கரைக்கும் இடைஞ்சல் அதுதான். சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி பீன்ஸ் பொரியலும் பூசணிக் கூட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்கும் நல்லது, ‘மாமியாருக்காகவா?’ என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது சர்க்கரை மாத்திரை அட்டையையும் முழங்கால் மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அட்டை இல்லாத செட் என்றால், மிச்சம் இருக்கிற பொட்டலத்தையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.