நஞ்சையை அடகு வைக்கும் முன்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகளுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் வாங்குவதற்காக ஒன்றரை ஏக்கர் நஞ்சையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னபோது உங்கள் குரல் தழுதழுத்தது. அடகு வைக்காதீர்கள். மைத்துனர்கள் சொல்லும் கௌரவத்துக்கு அவர்கள் வட்டி கட்டப் போவதில்லை.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: தும்பி அந்தரத்தில் நிற்கும்போது அதன் இறக்கையைச் சுற்றிக் காற்று என்ன செய்கிறது? இத்தகைய கேள்விகளுக்கு விடை தேட, காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணிக்கும் கணினிவழிப் பாய்ம இயக்கவியல் என்றொரு துறை இருக்கிறது. பலர் அதைச் சி.எஃப்.டி. என்றே சொல்கிறார்கள். அசையாத இறக்கை குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்தால் தூக்குவிசையை இழக்கும். வேகமாகச் சாயும் இறக்கையோ அந்தக் கோணத்தைக் கடந்தும் சற்று நேரம் தாங்கும், பிறகு அதன் முன்விளிம்பில் பிறந்த சுழல் மேற்பரப்பில் உருண்டு விலகியதும் விசை சட்டெனச் சரியும். ஹெலிகாப்டர் விசிறி அலகுகள் படும் பாடு இதுதான். மெல்லிய இறக்கையின் சிறு அசைவுகளுக்கு 1935-இல் தியோடர்சன் என்ற அறிஞர் கணிதத்தாலேயே விடை கண்டார்; பெரிய அசைவுகளுக்கு அது போதாது. ஆகவே காற்றுவெளியை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, நொடியின் மிகச் சிறு பகுதிக்கொரு முறை ஒவ்வொரு கட்டத்திலும் சமன்பாடுகளைத் தீர்க்கிறார்கள். இறக்கை நகர்ந்தால் கட்டங்கள் நசுங்கிக் கணக்கு கெடும் என்பதால், இறக்கையோடு நகரும், கட்டங்களாலான வலையொன்றை அசையாத பெரிய வலையின் மேல் பொருத்துவதும் உண்டு. கணிதமும் நிரல் எழுதும் பொறுமையும் சம அளவில் வேண்டிய வேலை இது. அவளிடம் இரண்டும் இருக்கின்றன.

இதற்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் போதும். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் கலந்தாய்வில் கட்டணச் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் அது கிடையாது. பிறகு கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வேலைவாய்ப்புகள் மென்பொருளைவிடக் குறைவு, மேற்படிப்பின்றி நுழைவதும் கடினம். அதை மறைக்க மாட்டேன்.

ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் இலவசம். இந்த விடுமுறையில் அதில் ஒரு உருளையைச் சுற்றிய காற்றோட்டத்தை அவள் கணித்துப் பார்க்கட்டும். சலித்துவிட்டால் வேறு பாடம் பேசலாம்; அப்போதும் நிலம் உங்கள் பெயரிலேயே கடனின்றி இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டாம். கலந்தாய்வுக்கான கல்லூரிப் பட்டியலை நிரப்பும் நாளில் அவளையும் அழைத்து வாருங்கள்.