மிளகாய் நாற்று அடியில் மெலிந்து சாய்கிறது – பதில்

வணக்கம். வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியில், விதை முளைத்து எட்டாம் நாளே நாற்றுகள் சாய்வதாக எழுதியிருந்தீர்கள். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல மெலிந்து, பழுப்பாக, ஈரமாக இருந்தால் அது அடியழுகல். மண்ணில் உள்ள பங்கசின் வேலை. விதையில் குறை இல்லை, மனம் விட்டுவிடாதீர்கள்.

காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறீர்களே, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொழும்புக் காற்றிலேயே ஈரம் அதிகம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும், காலையில் ஊற்றுங்கள். சாய்ந்தவை பிழைக்காது, மண்ணோடு எடுத்து வீசிவிடுங்கள்.

அப்புறம் புதிதாகப் போடும்போது பழைய தோட்ட மண் வேண்டாம். தும்புச்சோறும் (தேங்காய் மட்டைத் தூள்) நன்கு மக்கிய கூட்டெருவும் கலந்து, அடியில் துளையுள்ள தயிர்க் கோப்பைகளில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டிரண்டு விதை போடுங்கள். நெருக்கி விதைத்தால் காற்றுப் போகாது, இதே கதைதான். முளைத்த அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஐந்தாறு இலை வந்ததும் பெரிய சாடிக்கு மாற்றலாம். எம்.ஐ. 2 என்ற மிளகாய் இனம் என்றால் சாடியிலும் நன்றாகக் காய்க்கும்.