பட அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமா?

வணக்கம். ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையன், இன்னும் பேசவில்லை, எழுதச் சொன்னால் கையைக் கடித்துக்கொள்கிறான், பட அட்டையைப் பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

பட அட்டை பேச்சைத் தடுக்காது. இதுவரையிலான ஆய்வுகளில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பேச்சு குறையவில்லை. சிலருக்குக் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. பெற்றோரிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள், ஆனால் பேச்சு வந்தே தீரும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான ஏமாற்றம் இருக்கும்.

1985-இல் உருவான பெக்ஸ் (PECS) முறையின், அதாவது படத்தைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கப் பழக்கும் முறையின், முதல் படியை அவர்கள் எதிரிலேயே செய்து காட்டலாம். அவனுக்குப் பிடித்த பொருளை நீங்கள் வைத்திருங்கள். இன்னொருவர் அவன் பின்னால் உட்கார்ந்து, வாய் திறக்காமல், படத்தை எடுத்து உங்கள் கையில் வைக்க உதவட்டும். வைத்த நொடியே பொருளைக் கொடுங்கள். 'என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள். அவனாகத் தொடங்குவதுதான் முக்கியம்.

அப்புறம் அந்தக் கடி. முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கடித்ததும் நோட்டு மூடப்படுகிறது என்றால், அதுதான் அவனுடைய 'போதும்'. அதற்கு ஓர் அட்டை செய்து, அவன் பதற்றமாகும் முன்பே கொடுக்கப் பழக்குங்கள். நீட்டினால் உடனே நிறுத்துங்கள், பாதி வரியில் இருந்தாலும் சரி. திடீரென்று தொடங்கிய பழக்கம் என்றால் பல்வலி, காதுவலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் முதலில் காட்டச் சொல்லுங்கள்.