எண்ணெயை விட்டால் உடம்பு தேறுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 58 வயது. இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சற்றுக் கூடுதலாக இருந்ததால், வீட்டில் இனி எண்ணெயே கூடாது என்று மகன் சொல்லிவிட்டான். ஆறு வாரங்களாகத் தாளிப்பதற்குக்கூட எண்ணெய் விடாமல் சமைக்கிறேன். அவனுடைய அப்பத்தாவோ, "எண்ணெய் காணாத உடம்பு காய்ந்த கட்டையாகிப் போகும்" என்று தினமும் குறைபட்டுக்கொள்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: எண்ணெயின் அளவைப் பற்றி உங்கள் மகன் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறவே நிறுத்துவது பற்றிய வழக்கில் நான் அப்பத்தாவின் பக்கமே நிற்பேன். 1929ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர், கொழுப்பை முற்றிலும் நீக்கிய உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தைச் சேர்த்தபோது அவை தேறின. நம் உடம்பும் மாவுச்சத்திலிருந்து பல கொழுப்புகளைத் தானே செய்துகொள்ளும். ஆனால் ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலத்தையும் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தையும் அதனால் செய்துகொள்ள முடியாது. அவை சோற்றோடும் குழம்போடும்தான் உள்ளே வந்தாக வேண்டும்.

கொழுப்பு என்றால் இடுப்பில் சேரும் சதை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றியிருக்கும் சவ்வே பெரும்பாலும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது. அதில் உள்ள பாஸ்போலிப்பிட் மூலக்கூற்றுக்கு நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. தலைகள் வெளிப்புறமும் உட்புறமும் பார்க்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று நோக்கி இருக்குமாறு அவை இரண்டு அடுக்காக அமைந்திருக்கின்றன. 1925இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பை நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு இருந்தது. சவ்வு இரட்டை அடுக்கு என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதன் கனம் சுமார் 5 நானோமீட்டர். நாம் எழுதும் தாளின் கனத்துக்குள் ஏறத்தாழ 20,000 சவ்வுகளை அடுக்கிவிடலாம்.

இந்தச் சவ்வு இறுகிப்போகவும் கூடாது, ஒழுகிப்போகவும் கூடாது. வளவு வீட்டின் பின்கட்டில் விறகு அடுக்கியவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் புரியும். நேரான விறகுகள் இடைவெளி இல்லாமல் நெருங்கி அடங்கும். நடுவில் கோணிய விறகை எப்படி வைத்தாலும் சந்து விழும். நெய்யில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் நேரானவை; நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் மிகுந்திருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் கோணலானவை. மார்கழிக் காலையில் நெய் உறைந்திருக்க, பக்கத்து அலமாரியில் நல்லெண்ணெய் இளகியே இருப்பதும் இதனால்தான். சவ்வில் இரண்டு வகையும் கலந்திருக்க, இடையிடையே கொலஸ்ட்ராலும் செருகிக்கொண்டு இளக்கத்தை அளவோடு வைத்திருக்கிறது. உங்களை இவ்வளவு பயமுறுத்திய அந்தக் கொலஸ்ட்ரால் இல்லாமல் உங்கள் உயிரணு ஒன்றுகூட நிலைக்காது. அதில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது.

நாம் உண்ணும் கொழுப்பின் வகை, வாரங்கள் செல்லச் செல்லச் சவ்வுகளிலும் பிரதிபலிக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்; நீங்கள் இன்று ஊற்றும் எண்ணெய் அடுத்த சில மாதங்களில் உருவாகும் அணுக்களின் கட்டுமானத்தில் பங்கு பெறும். அத்துடன் ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களைக் குடல் உறிஞ்சுவதற்கும் கொழுப்பு வேண்டும். முருங்கைக்கீரையை எண்ணெயே இல்லாமல் வேகவைத்து உண்டால், அதிலுள்ள சத்தில் ஒரு பகுதி வீணாகத்தான் போகும்.

இனி அளவு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 38 கிராம் ஆகிறது. கிராமுக்கு 9 கலோரி வீதம் அதிலிருந்து மட்டும் 340 கலோரிக்கு மேல் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளில் விருந்தாளிகளும் பலகாரமும் சேர்ந்தால் இது பெரிய கணக்கில்லை. அதே வீட்டில் இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 19 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி. தாளிக்கவும் தோசை வார்க்கவும் இது போதும். இரத்தத்தில் தீய கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் முதலிடம் நிறைவுற்ற கொழுப்புக்கும், எண்ணெயை வனஸ்பதி போலக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்புக்கும்தான். ஆகவே கை வைக்க வேண்டியது நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில். நல்லெண்ணெய்த் தாளிப்பை நாளை காலையே மீண்டும் தொடங்குங்கள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: கல்யாண வீடுகளுக்குத் தேன்குழல், கைமுறுக்கு, அதிரசம், சீப்புச் சீடை செய்து கொடுக்கிறேன். இலுப்பச்சட்டியில் மிஞ்சும் எண்ணெயை வடிகட்டி, அடுத்த முறை புது எண்ணெயுடன் கலந்துகொள்கிறேன். இது தவறா? எத்தனை முறை பயன்படுத்தலாம்?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் என்பதே முக்கியம். மேலே சொன்ன நிறைவுறாக் கொழுப்பின் கோணல் இருக்கிறதே, அந்த இடத்தில்தான் ஆக்சிஜன் வந்து தாக்கும். சூடும் காற்றும் பலகாரத்திலிருந்து வெளியேறும் நீராவியும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. அப்படி உண்டாகும் துருவச் சேர்மங்கள் என்னும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. இது 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. பழைய எண்ணெயில் உள்ள சிதைவுப் பொருள்கள் புது எண்ணெயையும் விரைவில் கெடுக்கும் என்பதால், நீங்கள் கலப்பதில் புதியதுக்குத்தான் நட்டம்.

அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் உங்கள் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. எண்ணெய் கறுத்துக் கொழகொழப்பாவது, அடங்காத நுரை கட்டுவது, வழக்கமான சூட்டுக்கு முன்பே புகைவது, காறல் வாடை அடிப்பது ஆகிய நான்கில் ஒன்று தென்பட்டாலும் கொட்டிவிடுங்கள். வேலையின் வரிசையை மாற்றினாலும் மிச்சமாகும்: தேன்குழலையும் முறுக்கையும் முதலில் சுட்டுவிட்டு, வெல்லம் சேர்ந்த அதிரசத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால் எண்ணெய் கறுப்பது தள்ளிப்போகும். ஒவ்வோர் ஈட்டுக்குப் பிறகும் அடியில் தங்கும் தூளை அரித்தெடுங்கள். மிஞ்சியதைப் பித்தளைத் தூக்கில் ஊற்றி வைக்காதீர்கள். செம்பு கலந்த உலோகம் காறலை விரைவுபடுத்தும். எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, ஓரிரு நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுவது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொறுமொறுப்பு நெடுநாள் நிற்கும் என்பதற்காக வனஸ்பதி கலப்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. சமையல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. அது பழைய வனஸ்பதியின் கேட்டைக் குறைத்திருக்கிறது. ஆனாலும் நிறைவுற்ற கொழுப்பு அதில் மிகுதியாகவே இருக்கும்.

கேள்வி: கடலை எண்ணெய் டின்னில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருக்கிறது. அதற்காக விலை கூடக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். கொலஸ்ட்ரால் விலங்குணவில் இருப்பது. எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவுக்கு இருப்பதில்லை. ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு கொண்ட தேங்காய் எண்ணெயிலும் இதே வாசகத்தை அச்சிடலாம், அதுவும் பொய்யாகாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மீன் உண்ணாதவர்களுக்கு ஒமேகா-3 எங்கிருந்து கிடைக்கும்?
– ஒரு வாசகி, ஆத்தங்குடி

பதில்: மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் இருக்கும் ஈபிஏ, டிஎச்ஏ என்னும் நீண்ட ஒமேகா-3 அமிலங்கள் மூளை, விழித்திரை ஆகியவற்றின் சவ்வுகளுக்கு மிகவும் வேண்டியவை. தாவரங்களில் கிடைப்பது அவற்றின் மூலப்பொருளான ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். அதில் ஒரு சிறு பங்கைத்தான் உடம்பு மாற்றிக்கொள்கிறது. நம் ஊர் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அந்த மூலப்பொருள் இல்லை என்றே சொல்லலாம். சூரியகாந்தி எண்ணெயும் அப்படியே. சைவ உணவில் எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை இதுதான்.

ஆளி விதை இதற்கு எளிய வழி. அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் இந்த அமிலம் இருக்கிறது. வெறும் வாணலியில் இலேசாக வறுத்து, பருப்புப் பொடியோடு சேர்த்து அரைத்து, நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி சோற்றில் பிசைந்துகொள்ளலாம். முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். வால்நட்டும் கடுகெண்ணெயும் ஓரளவு உதவும். ஆளி விதைப் பொடி சீக்கிரம் காறிவிடும் என்பதால் மாதக் கணக்குக்கு அரைக்காமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள்.