வாரண்ட் இல்லாமல் போலீஸ் ரோட்டில் நிறுத்திப் பெயர், போட்டோ, கைரேகை கேட்டால் கொடுத்தாக வேண்டுமா?

பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிடுங்கள். கைதோ மாஜிஸ்திரேட் உத்தரவோ இல்லாத வரை கைரேகை வைக்காதீர்கள். போட்டோ இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற வம்பு. அவசரக்காரர்கள் இத்துடன் கிளம்பலாம்.

கேள்வியில் நீங்கள் விவரம் எதுவும் எழுதவில்லை. ராத்திரி ரோந்தில் மாட்டியிருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் யாரும் வழிப்போக்கனை நிறுத்தி 'விரலை வை' என்று கேட்பதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. போலீஸ் என்றாலே கரித்துக்கொட்டுகிற ஆளும் இல்லை. என் தாய்மாமா ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அதனால் 'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்' என்று கீழே எழுத வருபவர்கள் முழுவதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

கல்யாண மண்டபங்களுக்கு லைட் போடுவது என் தொழில். ரிசப்ஷன் முடிந்து கிளம்ப நள்ளிரவு தாண்டிவிடும். தோளில் ஒரு பை, அதற்குள் கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஸ்குரூ டிரைவர்கள், இன்சுலேஷன் டேப். அப்படி ஒரு ராத்திரி வண்டி இல்லாமல் நடந்து வந்தபோது ரோந்து ஜீப் நின்றது. அந்த நேரத்தில் அந்தப் பையைத் திறந்து பார்த்தால் யாருக்கும் பூட்டு உடைக்கிறவன் நினைப்புதான் வரும். நிறுத்தியதிலோ கேட்டதிலோ எனக்கு வருத்தமே இல்லை. பெயர், தெரு, எந்த மண்டபத்திலிருந்து வருகிறேன், மேனேஜர் நம்பர் எல்லாம் சொன்னேன். எஸ்.ஐ. அந்த நம்பருக்கு அடித்துப் பேசியும் பார்த்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். கூட வந்த ஏட்டு போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, 'நேரா பாரு' என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எடுத்தாயிற்று. திரையில் வட்டம் சுற்றியது, அப்புறம் வரிசையாக மூன்று முகங்கள் வந்தன. மூன்றாவது ஆளுக்கு என்னை மாதிரியே அகன்ற நெற்றி, ஆனால் தாடி. ஏட்டு என் மோவாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். 'தாடியை எப்ப எடுத்த?' என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

அடுத்து ரேகை மிஷினை எடுத்தார்கள். 'என்னைக் கைது பண்றீங்களா சார்? கைதுன்னா மெமோ கொடுங்க, வீட்டுக்குச் சொல்லணும். கைது இல்லன்னா ரேகை வைக்க மாட்டேன்' என்றேன். 'ஓ, சட்டம் பேசுறியா?' என்றார் எஸ்.ஐ. ரொம்ப நேரம் ஜீப் பக்கத்திலேயே நிற்க வைத்தார்கள். கொசுக்கடி. கடைசியில் வேறு எங்கிருந்தோ மைக்கில் கூப்பிடவும், 'போ, போ' என்று அனுப்பிவிட்டார்கள். இதில் வீரம் எதுவும் இல்லை. கால் நடுங்கியது உண்மை. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் தைரியம் மாமா சொல்லிக்கொடுத்ததால் வந்தது. 'மாப்ள, பேரையும் ஊரையும் மட்டும் மறைக்காத, அங்கதான் மாட்டுவ' என்பார். அதற்குக் காரணம் இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சின்னக் குற்றம் என்றாலும்கூட, அதைப் போலீஸ் கண்முன் செய்தவரோ, செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரோ பெயர், விலாசம் சொல்ல மறுத்தால் அதைத் தெரிந்துகொள்வதற்காகவே கைது செய்யலாம். பொய்ப் பெயர் சொன்னாலும் அப்படித்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 42ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் 39. உண்மையான பெயர், விலாசம் தெரிந்துவிட்டால் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்தில் தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும்.

வண்டி ஓட்டிக்கொண்டு போனால் கதை வேறு. சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் லைசென்ஸ் காட்டியே ஆக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவு. டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். நடந்து போகிற குடிமகன் எந்நேரமும் அடையாள அட்டையோடு அலைய வேண்டும் என்று பொதுச்சட்டம் கிடையாது.

கைரேகைக்கு 2022இல் தனிச் சட்டமே வந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டுக் கொண்டுவந்தது. கைரேகை, கால்தடம், போட்டோ, கருவிழி, கையெழுத்து என்று பட்டியல் நீளம். தண்டனை பெற்றவர், எந்தக் குற்றத்துக்காகவும் கைதானவர், தடுப்புக்காவலில் இருப்பவர், நன்னடத்தைப் பிணை கொடுக்கச் சொல்லி உத்தரவானவர், இவர்களிடம் எடுக்கலாம். ஏட்டு அந்தஸ்தில் இருப்பவரே எடுக்கலாம், மறுத்தால் அதுவே தனிக் குற்றம். பதிவு 75 வருஷம் இருக்கும். முன்பு தண்டனை எதுவும் பெறாதவர் விசாரணையே இல்லாமல் விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ, கோர்ட் வேறு மாதிரி உத்தரவிடாத வரை அழிக்க வேண்டும். கைதாகாத ஆளிடம் எடுக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ரோட்டில் நின்ற எனக்கு எந்த மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார்?

போட்டோதான் குழப்பம். தமிழகப் போலீஸின் முகம் அறியும் மென்பொருள் 2021 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக்கின் கொல்கத்தா கிளை செய்துகொடுத்தது. அதை யார்மேல், எப்போது பயன்படுத்தலாம் என்று சொல்லும் தனிச் சட்டம் நாட்டிலேயே இல்லை. அந்தரங்கத்தில் அரசு கைவைப்பதற்கு முதலில் ஒரு சட்டம் வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லியாயிற்று. ஹைதராபாத்தில் ஊரடங்குக் காலத்தில் மாஸ்கைக் கழற்றச் சொல்லிப் போட்டோ எடுக்கப்பட்ட சமூக ஆர்வலர் ஒருவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கே போனார். நாம் அவ்வளவு தூரம் போக முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. போலீஸ் போட்டோ எடுத்தால் பொங்குகிற நாம், லைட் மாட்டப் போகிற அபார்ட்மெண்ட் கேட்டில் வாட்ச்மேன் போனை நீட்டினால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸை நீட்டுகிறோம். ஆதார் ஆணையத்திடமிருந்து போலீஸ் நம் அடையாள விவரம் வாங்க வேண்டுமென்றால் உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும். லாட்ஜ் மேஜை இழுப்பறைக்கு அப்படி எந்தப் பூட்டும் இல்லை. இதைச் சொன்னால் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி சார், 'உன்னை யார் உள்ள வரச் சொன்னா?' என்கிறார். சரி, அது வேறு புலம்பல்.

உங்களிடம் ரேகையே வாங்கிவிட்டார்கள் என்றால் தேதி, நேரம், இடம், ஜீப் நம்பர் எல்லாம் போட்டு எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். எந்தச் சட்டப் பிரிவின்படி எடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள், திட்டி எழுத வேண்டாம். தபால் ரசீதையும் நகலையும் பத்திரமாக வையுங்கள். எடுத்தவர் சட்டையில் பெயர்ப் பட்டை இருந்ததா என்பது ஞாபகம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.